மெட்டுப் போடும் முன் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்

ஆங்கிலக் கவிதைக்குக் கொயர் (பல குரல்கள் சேர்ந்து பாடும் குழு) இசை எழுதப் போகிறீர்களா? இசையமைக்க அனுமதி என்று தெளிவாக எழுதிய கடிதம் கைக்கு வரும்வரை ஒரு சுரம்கூட எழுதாதீர்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

இங்கிலாந்தில் நான் பாடும் அமெச்சூர் கொயருக்காக இருபதாம் நூற்றாண்டுக் கவிஞர் ஒருவரின் கவிதையை எடுத்தேன். உரிமை ஒரு பதிப்பகத்திடம் இருந்தது. "தாராளமாகச் செய்யுங்கள், கட்டண விவரம் பின்னால் வரும்" என்று பதில் போட்டார்கள். சொப்ரானோ, ஆல்ட்டோ (பெண்களின் மேல், கீழ்க் குரல்கள்), டெனர், பேஸ் (ஆண்களின் மேல், கீழ்க் குரல்கள்) என நாலு குரலுக்கும் எழுதி, ஒத்திகையும் தொடங்கியாச்சு. அப்புறம் பதிப்பகத்தில் எனக்குப் பதில் போட்டவரின் இடத்துக்கு வேறொருவர் வந்தார். முன்பு தந்த சம்மதம் நிகழ்ச்சித் தாளில் கவிதையை அச்சிட மட்டும்தானாம். இசையமைக்க வாரிசுகள் விடுவதில்லையாம். பழைய மின்னஞ்சலைக் காட்டினேன். "எங்கள் பதிலில் இசை என்றே இல்லையே" என்றார். நான் கேட்டதே இசைக்குத்தான்! அதைப் படித்துத்தானே பதில் எழுதியிருக்க வேண்டும்?

புகழ்பெற்ற அமெரிக்கக் கொயர் இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கருக்கே இது நடந்திருக்கிறது. ராபர்ட் ஃப்ராஸ்டின் பனிக்காட்டுக் கவிதைக்கு அவர் எழுதிய இசையை உரிமையாளர்கள் அனுமதிக்கவில்லை. அவருடைய நண்பரான கவிஞர் சில்வெஸ்ட்ரி அதே சந்தத்தில் புதுக் கவிதை எழுதித் தந்தார், அதுதான் 'ஸ்லீப்'. எனக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. முழுவதையும் மூடி வைத்தேன்.

அடுத்து எடுத்தது 1894இல் இறந்த ஆங்கிலக் கவிஞர் கிறிஸ்டினா ரொசெட்டியின் 'ரிமெம்பர்' கவிதை; அதன் முதல் சொல்லும் அதுவே. யாரையும் கேட்க வேண்டியதில்லை. பிரிட்டனில் பதிப்புரிமைக்குக் கவிஞர் இறந்த ஆண்டு முடிந்து 70 ஆண்டு கணக்கு. நம் இந்தியாவின் 60 ஆண்டுக் கணக்கை வைத்து இங்கே இறங்கிவிடாதீர்கள். பதிப்பையும் பாருங்கள். அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் இறந்தது 1886இல்தான், ஆனால் பலரும் எடுத்தாளும் வரிவடிவம் 1955 பதிப்பினுடையது, அதற்கு உரிமை கோருகிறார்கள். 1890 பதிப்புக்கு அந்தச் சிக்கல் இல்லை; ஆனால் அதில் பதிப்பாசிரியர்கள் வரிகளைத் திருத்தியிருக்கிறார்கள்.

இசை எழுதும் வேலை சுகமாகவே போனது. முதல் சொல்லின் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுவதால் தாளத்துக்கு முன்பே தொடங்கும் அதீத எடுப்பு கச்சிதமாகப் பொருந்தியது. எங்களிடம் டெனர் குறைவு, அதனால் அந்தக் குரலை எங்கேயும் இரண்டாகப் பிரிக்கவில்லை. கொயரை வழிநடத்துபவர் மட்டும் முதல் வரியின் 'மீ' (me) என்ற சொல்லை சொப்ரானோவுக்கு உச்சத்தில் வைக்கச் சொன்னார். அந்த உயரத்தில் ஈகாரம் கீச்சிடும் என்று மறுத்தேன். இரண்டு விதமாகவும் பாடிப் பார்த்த பிறகு, என் பக்கமே வந்தார்!

கவிதையின் கடைசிச் சொல் 'சேட்' (sad). அதன் 'ட்' ஆளுக்கொரு நேரத்தில் விழுந்தால் அத்தனை உழைப்பும் வீண். சுரத்தை அடுத்த தாளக் கட்டத்தின் (bar) முதல் அடிவரை இழுத்து எழுதி, அங்கேதான் 'ட்' என்று தாளிலேயே குறித்துக் கொடுங்கள்.