கடித உறையின் இடது மூலை

“விண்ணப்பத்தை உள்ளடக்கிய கடித உறையின் இடதுபக்க மேல் மூலையில் பதவியின் பெயரைக் குறிப்பிட வேண்டும்.” அரச வேலைக்கான விளம்பரம் எதுவானாலும் அதில் இப்படி ஒரு வரி இருக்கும். அந்த மூலையில் நான் எழுதிக் கொடுத்த பதவிகளுக்கெல்லாம் ஆள் எடுத்திருந்தால், எங்கள் ஊருக்கென்று தனியாக ஓர் அமைச்சே திறந்திருக்கலாம். முகாமைத்துவ உதவியாளர், கிராம அலுவலர், நூலகர், தாதியப் பயிலுநர், சாரதி, அலுவலகப் பணியாளர், காவலாளி. கடைசி இரண்டுக்கும் பட்டதாரிகள் வருவார்கள். பட்டம் பெற்றதை விட்டுவிட்டு, உயர்தரப் பெறுபேற்றோடு நிறுத்தி எழுதும்படி மெதுவாகக் கேட்பார்கள். நானும் ஏன் என்று கேட்பதில்லை.

யாழ்ப்பாணத்தில், அச்சுவேலிக்கும் புத்தூருக்கும் இடையில், பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே உள்ள சிறிய கடை என்னுடையது. போட்டோப்பிரதி, தட்டச்சு, லமினேற், இணையத்தில் விண்ணப்பம் நிரப்புதல், பாடசாலைக் கொப்பிகள், மழைக்காலத்தில் குடை. அரச வேலை விளம்பரங்களோடு வெள்ளிக்கிழமை வர்த்தமானி வெளிவந்தால் அடுத்த இரண்டு மூன்று நாள்களுக்குத் தலை நிமிர நேரம் இராது. வெளியே ஒரு வாங்கு போட்டிருக்கிறேன். அதில் ஒரு பக்கம் சான்றிதழ்களை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை காத்திருக்கும். மறுபக்கம் தோட்டக்காரர் ஒருவர், வெங்காயம் பிடுங்க ஆள் இல்லை, மழை பிடித்தால் பாத்தியோடு அழுகிவிடும் என்று பொருமிக்கொண்டிருப்பார். ஒருவருக்கு வேலை இல்லை, மற்றவருக்கு ஆள் இல்லை. இடையில் ஒரு முழம் கூட இராது.

இதைப் பார்க்கும் பெரியவர்கள் உடனே இளைஞர்களுக்குப் புத்தி சொல்லத் தொடங்கிவிடுவார்கள். “கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்ற எண்ணம் போகாதவரை இந்தச் சனம் உருப்படாது” என்று, அரசாங்க ஓய்வூதியம் எடுப்பவரே என் கடை வாசலில் நின்று சொல்லுவார். எனக்கு அந்தப் பழமொழியில் கோபம் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்பதை என் வீட்டிலேயே கண்டிருக்கிறேன்.

என் பெரிய மாமா காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் மின்சாரப் பகுதியில் இருந்தவர். 1950 இல் உற்பத்தி தொடங்கிய ஆலை அது. வலிகாமத்தில் எத்தனையோ வீடுகளில் அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. 1990 இல் போர் அந்தப் பக்கம் வந்ததும் ஆலை நின்றது. மாமாவுக்கு வேலையும் போனது, வீடும் இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. அவர் குடும்பத்தோடு வந்து தங்கிய எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆசிரியை இருந்தார். யாழ்ப்பாணம் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த அந்த ஆண்டுகளிலும் அரச ஊழியர்களுக்குக் கொழும்பு சம்பளம் அனுப்பிக்கொண்டிருந்தது. மின்சாரம் இல்லை, சவர்க்காரம் இல்லை, பெற்றோல் இல்லை. ஆனால் ரீச்சருக்குச் சம்பளம் பிந்தியாவது வந்தது. மாமா அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவருடைய பிள்ளைகளை அவர் எந்த வேலைக்குப் படிக்கச் சொல்லியிருப்பார் என்று நான் எழுதத் தேவையில்லை. அதற்கு முந்திய தலைமுறை மலாயா றெயில்வேயிலும் கொழும்புக் கந்தோர்களிலும் இருந்து மணியோடர் அனுப்பியது. மாதக் கடைசியில் தவறாமல் வரும் காசு ஒன்றுதான் இந்த மண்ணில் நம்பக்கூடியதாக இருந்திருக்கிறது. ஆற்று நீர் இல்லாத, கிணற்றையும் மழையையும் நம்பிய ஊர் வேறு எதை நம்பும்?

ஆனால் அந்தக் கதவு ஒடுங்கிவிட்டது. 2020 இல் ஐம்பதாயிரம் அளவில் பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் பயிலுநர்களாக எடுத்தார்கள். சில அலுவலகங்களில் அவர்கள் இருப்பதற்குக் கதிரை போதவில்லை என்று போனவர்களே சொன்னார்கள். 2022 இல் நாடு வங்குரோத்தான பிறகு அப்படி அள்ளி எடுப்பதற்கு எந்த அரசாங்கத்திடமும் காசு இல்லை. விண்ணப்பங்கள் மட்டும் குறையவில்லை. என் போட்டோப்பிரதி இயந்திரம் அதற்குச் சாட்சி.

தனியார் வேலை என்றால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதலில் வருவது யாழ்ப்பாண நகரத்துக் கடைகள். “விற்பனையாளர் தேவை, பெண்கள் விரும்பத்தக்கது” என்ற விளம்பரத்தைப் பார்த்து வருபவர்களுக்குச் சுயவிபரக்கோவை அடித்துக் கொடுத்துவிட்டு நான் கேட்கும் முதல் கேள்வி, கடை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பதுதான். எட்டு மணி என்றால் கணக்கு முடிந்தது. நகரத்தில் எட்டு மணிக்குக் கடையை விட்டு இறங்கும் பிள்ளைக்கு எங்கள் ஊருக்கு வர பஸ் கிடைத்தால் அது பெரிய காரியம். கிடைத்தாலும் பிரதான வீதியில் இறங்கி, விளக்கில்லாத ஒழுங்கையில் நடக்க வேண்டும். அப்பா மோட்டார் சைக்கிளில் ஏற்றி வருவார் என்றால், அந்தப் பெற்றோல் காசும் அவருடைய பொழுதும் பிள்ளையின் சம்பளத்தில்தான் கழிகிறது. குறைந்தபட்ச மாதச் சம்பளத்தைச் சட்டம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தியது. நல்லது. பஸ், மதியச் சாப்பாடு, கடைக்காரர் சொன்ன நிறத்தில் உடுப்பு எல்லாம் போக மிஞ்சுவதை ஒரு பிள்ளை என் மேசையில் தாளில் எழுதிக் கழித்துப் பார்த்தது. பிறகு அந்தச் சுயவிபரக்கோவையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனது. அதைக் கொடுத்ததா என்று தெரியாது. நகரத்துப் பஸ்ஸில் பிறகு நான் காணவில்லை. சோம்பேறி என்று அந்தப் பிள்ளையைச் சொல்லுபவர்கள் ஒரு மாதம் அந்த ஒழுங்கையில் இரவில் நடந்து காட்டட்டும்.

உள்ளூர் வேலைகளைப் பார்த்தால் கூலி மோசமில்லை. மேசன் ஒருவர் இரண்டு நாளில் எடுப்பதை நகரத்துக் கடைப் பிள்ளை ஒரு வாரம் நின்று எடுக்கிறது. வயரிங், அலுமினியம் பொருத்துதல், ஒட்டு வேலை (வெல்டிங்), குழாய் வேலை, எதற்கும் ஆள் பிடிக்க முடியவில்லை. வெளிநாட்டில் இருந்து காசு வந்து வீடு கட்டுபவர்கள் தெற்கில் இருந்து ஆள் கூட்டி வருகிறார்கள். தோட்டத்தில் நிலைமை வேறு. பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த கூலி என்பதை இன்றுவரை யாரும் வெட்கமில்லாமல் சொல்லுவார்கள். அதே வெயில், அதே பாத்தி, அதே குனிவு. விவசாயியைக் கேட்டால், சந்தையில் தரகும் கழிவும் போக என் கையில் என்ன மிஞ்சுகிறது என்று திருப்பிக் கேட்பார். அதுவும் உண்மைதான். ஆனால் பெண்ணின் கூலியில் மட்டும் அதை ஈடுசெய்வது என்ன நியாயம்?

பனை ஏற ஆள் இல்லை என்ற புலம்பலுக்கு மட்டும் எனக்குப் பொறுமை கிடையாது. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது, சங்கங்கள் இருக்கின்றன, பனங்கட்டிக்கும் ஒடியலுக்கும் கொழும்பிலும் கனடாவிலும் கேள்வி இருக்கிறது. எல்லாம் சரி. அந்தத் தொழில் செய்த குடும்பத்து ஆளுக்கு எங்கள் பெரியவர்கள் எந்தப் பாத்திரத்தில் தேநீர் கொடுத்தார்கள், எங்கே இருக்கச் சொன்னார்கள் என்பது ஊருக்கே தெரியும். அந்தப் பிள்ளைகள் படித்து வேறு தொழிலுக்குப் போனதில் எனக்கு மகிழ்ச்சி. பனை காத்திருக்கட்டும்.

நான் சொல்ல வந்தது மோட்டர்க்கடை அண்ணரின் கதை. எங்கள் செம்மண் தோட்டங்கள் முழுக்கக் கிணற்று இறைப்பில் நிற்பவை. 2022 இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று அலுத்த பலர் மின்மோட்டருக்கு மாறிவிட்டார்கள். எரிந்த மோட்டரைக் கழற்றி, பழைய கம்பியை உருவி, புதிதாகச் செப்புக்கம்பி சுற்றிக் கொடுக்கும் வேலை அண்ணருக்கு வருடம் முழுவதும் இருக்கிறது. வாசலில் எப்போதும் நாலைந்து மோட்டர்கள் துணிச்சீட்டில் பெயர் கட்டிக் கிடக்கும். அவரிடம் வேலை பழகும் பொடியன்கள்தான் நிற்பதில்லை. கை பழகியதும் கட்டாருக்கோ கொழும்புக்கோ போய்விடுவார்கள், அல்லது வீட்டில் மறித்துவிடுவார்கள்.

ஒரு நாள் கடைக்கு வந்து, “பிள்ளை, எனக்கு ஒரு நியமனக் கடிதம் அடித்துத் தாரும்” என்றார். யாருக்கு என்று கேட்டேன். தன்னிடம் நிற்கும் பொடியனுக்கு என்றார். கடைப்பெயரில் கடிதத்தலைப்பு அமைத்தோம். பதவிப்பெயர் என்ன போடுவது என்று இருவரும் யோசித்தோம். “மின்மோட்டர் தொழில்நுட்பவியலாளர்” என்று போட்டேன், அண்ணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். மாதச் சம்பளம் 40,000 ரூபா, ஒவ்வொரு மாதமும் 5 ஆம் திகதிக்கு முன், ஞாயிறு விடுமுறை. பிறகு, ஊழியரின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு வந்தோம். ஓர் ஆளை வேலைக்கு வைத்திருந்தாலும் கட்ட வேண்டியது அது. பெரிய கம்பனிகளுக்குத்தான் என்று ஊரில் பாதிப்பேர் நினைத்திருக்கிறார்கள். உரிமையாளர் நூற்றுக்கு 12, ஊழியர் நூற்றுக்கு 8. அதோடு ஊழியர் நம்பிக்கை நிதிக்கு உரிமையாளர் இன்னொரு 3. நாற்பதாயிரத்துக்கு அண்ணரின் கையில் இருந்து மாதம் ஆறாயிரம். பொடியனின் சம்பளத்தில் இருந்து 3,200.

“ஆறாயிரமா?” என்றார். சிறிது நேரம் விரலில் ஏதோ கணக்குப் பார்த்தார். “போன மாரியில் ஆள் இல்லாமல் திருப்பி அனுப்பிய மோட்டர்களின் காசு இதைவிடக் கூட. அடியும்.”

அடுத்த நாள் பொடியனின் அம்மா அந்தக் கடிதத்தோடு வந்து லமினேற் செய்யச் சொன்னார். இரண்டு பிரதியும் கேட்டார். மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசி வருகிறார்களாம். தம்பி என்ன செய்கிறார் என்று மாப்பிள்ளை பகுதி கேட்டால், இதுவரை “சும்மா ஓரிடத்தில் நிற்கிறான்” என்று சொல்லி வந்தாராம். செய்யும் வேலையில் ஓர் ஆணியளவு மாற்றமும் இல்லை. அதே கம்பி, அதே வார்னிஷ் மணம். தொழிற்பயிற்சி நிலையத்தில் அவன் திறமையைப் பரீட்சித்து, பழகிய வேலைக்கே என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் வழி இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறேன். சான்றிதழ் கிடைத்தால் வெளிநாட்டுக்குப் பறந்துவிடுவான் என்று அண்ணர் பயப்படுகிறார். போகலாம். போனால் அடுத்தவனுக்கும் அதே கடிதம் தயாராக என் கணினியில் இருக்கிறது.

இதை வாங்கில் இருப்பவர்களிடம் சொன்னால், எல்லோராலும் முடியுமா என்று கேட்கிறார்கள். வெங்காயத் தோட்டக்காரரால் முடியாது. அவருக்கு வருடத்தில் சில வாரங்களே ஆள் தேவை. வீட்டுக்கு வீடு மாறும் மேசனுக்கும் இது பொருந்தாது. ஆனால் அரிசி ஆலை, மரக்காலை, பேக்கரி, வாகனம் திருத்துமிடம், வாழைக்குலை வாங்கி ஏற்றுமிடம் என்று வருடம் முழுவதும் ஓடும் தொழில்கள் எங்களைச் சுற்றி இருக்கின்றன. போரில் பாழாகி, பின்னர் இந்திய உதவியோடு திருத்திய அச்சுவேலிக் கைத்தொழில் பேட்டையும் கூப்பிடு தூரத்தில்தான். இவற்றில் பல இடங்களில் சம்பளம் “பார்த்துத் தரலாம்” என்ற சொல்லோடு நிற்கிறது. பார்த்துத் தரும் சம்பளத்துக்கு எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்? வர்த்தமானியில் சம்பள அளவுத்திட்டம் ரூபாக் கணக்கில் இருக்கிறது; அதனால்தான் சனம் அங்கே போகிறது.

ஆகவே கடைச் சுவரில் ஒரு பலகை அடித்திருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் ஆள் தேவைப்படுபவர்கள் இலவசமாக அறிவித்தல் ஒட்டலாம். சம்பளம், வேலை முடியும் நேரம், சேமலாப நிதி உண்டா இல்லையா, மூன்றும் எழுதியிருக்க வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை. ஒரு முதலாளி இதைக் கேட்டுவிட்டு, நீர் என்ன தொழில் திணைக்களமா என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

இன்றைக்குப் பலகையில் மூன்று இருக்கின்றன. புத்தூர்ப் பக்கம் பேக்கரி ஒன்றில் இரவு வேலைக்கு இருவர், தங்குமிடத்தோடு. நீர்வேலியில் வாழைக்குலை தரம்பிரிக்கப் பெண்கள், நாலரைக்கு வேலை முடிவு, ஆண்களுக்கு உள்ள அதே கூலி. அதைத் தடித்த எழுத்தில் அடித்துக் கொடுத்தேன். மோட்டர்க்கடை அண்ணருக்கு இன்னொரு பொடியன். நாலாவது அறிவித்தல் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அதில் “கவர்ச்சிகரமான சம்பளம்” என்று எழுதியிருக்கிறது. எவ்வளவு என்று சொன்னதும் ஒட்டுவேன்.