ஒழுகும் கூரைக்கு யார் சொந்தக்காரர்?

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் எந்த இடத்தில் சொட்டும், எந்த இடத்தில் சொட்டாது என்பது பிள்ளைகளுக்கு மனப்பாடம். வானம் இருட்டிக்கொண்டு வந்தால் டீச்சர் சொல்லாமலே பாயைச் சுருட்டிக்கொண்டு மேற்குச் சுவரோரம் போய்விடுவார்கள். நடுவில் சத்துணவு ஆயா கொடுத்த இரண்டு குண்டான்கள். எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பாட அட்டைகளை எல்லாம் பீரோவின் மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றி, மேலே ஒரு பாலித்தீன் உரப்பை. திருவாரூர் மாவட்டத்தின் தென்கோடி இது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் இப்படித்தான் வகுப்பு நடக்கும்.

2022-ல் பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்தார்கள். பெற்றோரே அதிகம் உள்ள, இருபது பேர் கொண்ட குழு, அதில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். என்னைத் தலைவராகப் போட்டார்கள். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள், கூப்பிட்ட நேரத்துக்கு வருவாள் என்பதுதான் எனக்கிருந்த தகுதி. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். முதல் கூட்டத்திலேயே எல்லா அம்மாக்களும் சொன்னது ஒன்றுதான்: "அக்கா, அந்த ஒழுகலுக்கு ஒரு வழி பண்ணுங்க."

பள்ளிக்கு இரண்டு கட்டடம். பழையது மரச்சட்டம் வைத்த ஓட்டுக் கட்டடம். 2021 டிசம்பர் 17-ல் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள் இல்லையா, அதன் பிறகு மாநிலம் முழுக்கப் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்தபோது இதையும் பார்த்துப் பூட்டச் சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தது தொண்ணூறுகளில் கட்டிய கான்கிரீட் கட்டடம், இரண்டே அறை. ஐந்து வகுப்பும், 64 பிள்ளைகளும் அதில்தான். ஒழுகியதும் அதுதான்.

அதுவரை பள்ளி என்ன செய்தது என்று பழைய ரசீதுகளைப் புரட்டினேன். எங்கள் எண்ணிக்கைக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். சாக்பீஸ், பதிவேடு, மின்விளக்கு, துப்புரவு எல்லாவற்றுக்கும் அதுதான். அதிலிருந்து ஆண்டுதோறும் கொஞ்சம் எடுத்து, கறை பிடித்த இடத்தில் சிமென்ட் பூசி வெள்ளை அடித்திருக்கிறார்கள். அடுத்த மழையில் மறுபடியும் காரை பெயர்ந்து விழும். மறுபடியும் வெள்ளை. தலைமை ஆசிரியரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கையில் இருந்த காசுக்கு அதுதான் முடியும். ஆனால் தண்ணீர் மேலே இருக்க, கீழே பூசி என்ன பயன்?

தீர்மானம் போட்டோம். வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே மரியாதையாகவே சொன்னார்கள், "அம்மா, டீச்சர்தான் எங்கள் பொறுப்பு. கட்டடம் ஒன்றியத்துடையது." பள்ளியின் பெயர்ப்பலகையிலேயே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்று எழுதியிருக்கிறது. தினமும் பார்த்த பலகை, எனக்குத்தான் உறைக்கவில்லை. (அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் வழி வேறு, அங்கே பொதுப்பணித் துறை வரும்.)

சரி, ஒன்றிய அலுவலகத்துக்குப் போனோம். அங்கேயும் ஒரு முடிச்சு. வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் இல்லை, இரண்டு பேர். ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, அதாவது ஒன்றியத்துக்கு, இன்னொருவர் கிராம ஊராட்சிகளுக்கு. என் மனு போனது கிராம ஊராட்சிகளைப் பார்ப்பவரிடம். பள்ளிக் கட்டடம் மற்றவரிடம். ஒரே கட்டடத்தில் நாலு அறை தள்ளிப் போவதற்கு என் காகிதத்துக்கு ஐந்து வாரம் பிடித்தது.

அந்த ஐந்து வாரமும் நான் போய்ப் போய்க் கேட்டது "என் மனு என்ன ஆச்சு?" என்றுதான். ஒருநாள் தபால் பிரிவில் இருந்த வயதான எழுத்தர் பாவம் பார்த்துச் சொன்னார். "ந.க. எண் இருக்காம்மா? எண் இல்லாமல் கேட்டால் இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது." கொடுத்த காகிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும், அப்புறம் அதற்கு அலுவலகத்தில் கொடுத்த எண்ணை, அதுதான் ந.க. எண், கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இது யாரும் சொல்லித் தராத பாடம். என் மனுவையும் அவர் வாசித்துப் பார்த்தார். ஒன்றரைப் பக்கத்துக்குப் பிள்ளைகள் படும் பாட்டை உருக்கமாக எழுதியிருந்தேன். "இதை வைத்துப் பொறியாளர் என்ன செய்வார்? எந்த அறை, எத்தனை அடி, எங்கே ஒழுகுகிறது, கம்பி தெரிகிறதா, அதை எழுதுங்க" என்றார்.

இரண்டாவது மனு ஒரே பக்கம். அறையின் நீள அகலத்தைத் தையல் டேப்பால் அளந்தேன். மழை பெய்துகொண்டிருக்கும்போதே எடுத்த படங்கள், தேதியோடு. காரை விழுந்து கம்பி தெரிந்த இடம் மூன்று, அதில் ஒன்று நேராக ஸ்விட்ச் போர்டுக்கு மேலே. மழை நாளில் அந்த போர்டைத் தொட்டால் சுரீர் என்று ஷாக் அடிக்கும் என்பதையும் எழுதினேன். கூடவே 2023 ஜனவரி 26 கிராம சபையில் இதை ஒரு தீர்மானமாக வைத்து, அதன் நகலையும் சேர்த்தோம். கிராம சபையில் பேசக் கை காலெல்லாம் நடுங்கியது. எழுதிக்கொண்டு போனதைக் குனிந்தபடியே வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பிப்ரவரியில் ஒன்றியப் பொறியாளரும் ஓவர்சியரும் வந்தார்கள். கொளுத்துகிற வெயில். காய்ந்த கூரையைப் பார்த்து இவர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். அவர் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துச் சீலிங்கில் தட்டிக்கொண்டே நடந்தார். நல்ல இடத்தில் டங் டங். மோசமான இடத்தில் பொத் பொத்தென்று, பறை ஈரமானால் வருமே, அந்தச் சத்தம். ஓவர்சியர் அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டார். நாங்கள் மூன்று என்று எழுதியிருந்தோம். வட்டம் பதினொன்று வந்தது.

அப்புறம் மொட்டை மாடிக்கு ஏறினோம். தண்ணீர் வெளியேற மொத்தம் இரண்டே குழாய். ஒன்றில் வேப்பஞ்சருகு அடைத்து மக்கி மண்ணாகியிருந்தது. மற்றதற்குப் பக்கத்தில் கைப்பிடிச் சுவர் இடுக்கில் அரசங்கன்று, வேர் குழாய்க்குள்ளேயே இறங்கிவிட்டது. மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் நாள்கணக்கில் தேங்கியிருக்கிறது. மாடித் தளத்தின் மேல் பதித்த தட்டோட்டின் இணைப்புகள் விரிந்து, அதன் கீழே இருக்கும் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளம் பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்துவைத்து, மழை விட்ட பிறகும் கான்கிரீட்டுக்குள் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. கம்பி துருப்பிடித்தால் பருத்துவிடும். பருத்த கம்பி கீழே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கும். நாங்கள் ஆண்டுதோறும் பூசிய காரை நிற்காததற்குக் காரணம் இதுதான். எங்கள் பக்கம் நிலத்தடி நீரும் உப்பு. கட்டும்போது அந்த நீரிலேயே கலவை போட்டிருந்தால் துரு இன்னும் சீக்கிரம் வரும் என்றார் பொறியாளர். வடிகால் அடைத்த வயலில் பயிர் அழுகும் என்று தெரிந்த ஊர்தான் எங்களுடையது. முப்பது வருஷத்தில் ஒருவரும் ஏணி போட்டு ஏறிப் பார்க்கவில்லை, நான் உட்பட.

அரசங்கன்றை அன்றே வெட்டினோம். வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும் என்றார் ஓவர்சியர். துளிர்க்கவும் செய்தது.

மதிப்பீடு தயாரானது, ஒன்றியப் பொது நிதியில் பணம் ஒதுக்கியது, ஒப்பந்தப்புள்ளி எல்லாம் முடிய 2024 பிப்ரவரி ஆகிவிட்டது. இடையில் 2023 மழைக்காலம் முழுக்கத் தார்ப்பாய்தான். மார்ச் முதல் வாரம் பழைய தட்டோட்டைக் கொத்தத் தொடங்கினார்கள். இரண்டு வாரம் தள்ளியிருந்தால் கதை வேறு. மார்ச் 16-ல் மக்களவைத் தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டது, தொடங்காத வேலையை அப்புறம் தொடங்க முடியாது. பள்ளிதான் வாக்குச்சாவடி என்பதால் ஏப்ரல் 19-ஐ ஒட்டி ஒரு வாரம் வேலையை நிறுத்தினார்கள். அதற்குள் அந்த ஸ்விட்ச் போர்டை மட்டும் மின்னல் வேகத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். ஓட்டுப் போட வருகிறவர்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாதே. வேலை முடியும் வரை பிள்ளைகள் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் படித்தார்கள்.

வேலை நடக்கும்போது தினமும் போய் நின்றேன். என் மாமா பழைய கொத்தனார், அவர்தான் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவார். ஒருநாள் பாதித் தளத்தில் பழைய ஜல்லியை எடுக்காமல் அதன் மேலேயே புதுக் கலவை கொட்டப் பார்த்தார்கள். மதிப்பீட்டின் நகல் என் பையில் இருந்தது. "பழைய தளத்தை முழுதும் அகற்றி" என்ற வரியைக் காட்டினேன். ஒப்பந்தக்காரர் முகம் சுளித்தார், ஆனால் எடுத்தார். அந்த நகல் இல்லாவிட்டால் என் பேச்சு வெறும் பொம்பளைச் சத்தமாகத்தான் போயிருக்கும்.

உள்ளே உளுத்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, மருந்து அடித்து, மறுபடி பூசினார்கள். மேலே குழாய்ப் பக்கம் சரிவு வைத்து ஜல்லித் தளம், அதன் மேல் ஓடு, இரண்டு குழாய்க்குப் பதில் நான்கு. வெள்ளை அடிக்கும் முன் மாமா சொன்ன சோதனையைச் செய்யச் சொன்னேன். குழாய்களை அடைத்து, மண்ணால் பாத்தி கட்டி, தளத்தில் இரண்டு நாள் தண்ணீர் நிறுத்துவது. இரண்டாம் நாள் காலை புதுக் குழாய் ஒன்றின் கழுத்தருகே உள்ளங்கை அளவு ஈரம். வெள்ளை அடித்திருந்தால் நவம்பரில்தான் தெரிந்திருக்கும். அந்தக் கழுத்தை உடைத்து மறுபடி பூசினார்கள்.

2024 ஆகஸ்டில் குழுவை மறுபடி மாற்றி அமைத்தார்கள். என் மகள் ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போய்விட்டாள், அதனால் நானும் விலகினேன். கோப்பைப் புதுத் தலைவரிடம் கொடுத்தேன், ஏணி யார் வீட்டில் இருக்கிறது என்பதையும் சேர்த்து. அந்த நவம்பர் கடைசியில் டெல்டா முழுக்க நெல் வயல் மூழ்குகிற அளவுக்கு மழை. மூன்றாம் நாள் தலைமை ஆசிரியர் போன் செய்தார். ஜன்னல் பக்கம் லேசாக நீர் இறங்குகிறதாம். ஆள் ஏறிப் பார்த்தால், ஒரு குழாய் வாயில் ரப்பர் பந்து. எடுத்ததும் நின்றுவிட்டது. பந்து யாருடையது என்று இன்று வரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

பூட்டிய பழைய கட்டடம் மட்டும் அப்படியே நிற்கிறது. இடிக்க அனுமதி வந்துவிட்டது. அதன் ஓடுகளும் மரச்சட்டங்களும் ஏலம் போக வேண்டும். முதல் ஏலத்துக்கு ஆளே வரவில்லை. சுற்றிக் கயிறு கட்டி, "அருகில் செல்லாதீர்" என்று ஒரு அட்டை தொங்குகிறது. ஆடுகளுக்குத்தான் படிக்கத் தெரியாது. மத்தியான வெயிலுக்கு அந்தத் தாழ்வாரத்தில்தான் படுத்திருக்கின்றன.