திங்கட்கிழமைக்கு முன்

மார்ச் 24

யாசுகுனி ஆலயத்தில், பூப்பை அறிய வானிலைத் துறை பார்த்துவரும் மாதிரி மரத்தில் ஐந்தாறு பூக்கள் விரிந்துவிட்டன. டோக்கியோவில் செர்ரி பூத்துவிட்டதாக வானிலைத் துறை அறிவித்துவிட்டது. செய்தியைப் பார்த்த என் கணவர், ஏப்ரல் 5 வரை தாங்குமா என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 27

மகன் உடம்பைப் பற்றி அத்தையிடம் இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 30

பூ பார்க்க உவெனோ பூங்கா போதாதா, இந்த உடம்போடு ஷின்ஜுகுவிலிருந்து ஒன்றரை மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து கோஃபு வரை போகத்தான் வேண்டுமா என்று செவிலியர் கேட்டார். என் கணவருக்கு வேண்டியது வெறும் பூ அன்று, தகேடா ஷிங்கெனின் விழா. கோஃபுவைச் சூழ்ந்த ‘காய்’ என்ற நாட்டை ஆண்ட ஷிங்கென், 1573இல் படையெடுப்பின் நடுவே நோய் முற்றி, ஊர் திரும்பும் வழியில் இறந்தார். பழைய நாட்காட்டிப்படி அது ஏப்ரல் 12. அந்த நாளை ஒட்டித்தான் கோஃபு நகரத்தார் செர்ரிப் பருவத்தில் அவருடைய படைப் புறப்பாட்டை நடித்துக் காட்டுகிறார்கள். தம் சாவை மூன்று ஆண்டுகள் வெளியே விடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாராம். எரின்ஜி மடத்தில் முறையான இறுதிச் சடங்கு 1576இல்தான் நடந்தது. முகச்சாயல் ஒத்த தம்பி நொபுகதோவை உட்காரவைத்து அயல்நாட்டுத் தூதரை ஏமாற்றினார்கள் என்றும் ஒரு கதை உண்டு. ஒரு நாடே சேர்ந்து மறைத்திருக்கிறது. இங்கே மாலைதோறும் தொலைபேசியில் பேசும் ஒரு தாயிடம் மறைப்பதற்குள் எனக்கு மூச்சு முட்டுகிறது.

ஏப்ரல் 2

குளிர், விடாத மழை. குளிர் நீடித்தால் பூ உதிராமல் நிற்கும் என்று அவர் மகிழ்கிறார். இருமலைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஏப்ரல் 4

போகலாம் என்று மருத்துவர் அனுமதித்துவிட்டார், கூட்டத்தில் முகக்கவசத்தைக் கழற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு. பரிசோதனை முடிவு திங்கட்கிழமை.

ஏப்ரல் 5, இரவு

சுரங்கங்களைத் தாண்டிக் கட்சுநுமா வந்ததும் கோஃபு சமவெளி சட்டென்று கீழே விரிந்தது. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே பீச் மரங்கள், செர்ரியைவிட அழுத்தமான நிறத்தில் பூக்கத் தொடங்கியிருந்தன. மதியம் பூசணிக்காய் போட்ட ஹோட்டோ என்ற நூடுல்ஸ் வாங்கினோம். அவர் பாதிக் கிண்ணம் சாப்பிட்டது எனக்குப் பெரிய செய்தி.

மைஸுரு கோட்டைப் பூங்காவில் பூ இன்னும் நிறைந்தே இருந்தது. ஆனால் இந்தக் கோட்டை, தகேடா குலம் 1582இல் அழிந்த பிறகு எழுந்தது. ஷிங்கென் இதைக் கண்ணால் கண்டதில்லை. அவர் வாழ்ந்த அகழி சூழ்ந்த மாளிகை இருந்த இடத்தில், நகரின் வடக்கே, இப்போது தகேடா ஆலயம் இருக்கிறது. மனிதர்களே கோட்டை, மனிதர்களே மதில் என்று சொன்னதாகப் போற்றப்படும் ஒருவருடைய படையை, அவருக்குத் தொடர்பில்லாத கோட்டையிலிருந்து புறப்படச் செய்வது பொருத்தமாகப் படவில்லை என்றேன். இத்தனை பேர் நிற்க இடம் வேண்டாமா என்றார் அவர். அதுவும் சரிதான், 2012இல் 1,061 பேர் சாமுராய் வேடத்தில் திரண்டு கின்னஸ் சாதனையே படைத்த விழா இது.

எங்களுக்கு அருகே ஒரு காலாள் வீரன் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து, அறுந்த வைக்கோல் செருப்பின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தான். மார்புக் கவசத்தில் அரக்குப் பூச்சு சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது. கழுத்தோரம் குளிருக்கு அணிந்த சாம்பல்நிற உள்சட்டை தெரிந்தது. மூக்குக்கண்ணாடியில் மூச்சுப் படிந்திருந்தது. நாளை மறுநாள் ஏதோ அலுவலகத்தில் கணினி முன்னால் உட்காரப் போகும் அந்தப் பையன், முரசு கேட்டதும் முகம் மாறி எழுந்து ஓடினான்.

இருட்டிய பின் தீப்பந்தங்களுக்கு இடையே ஷிங்கெனின் இருபத்து நான்கு தளபதிகளின் அணிகளும் ஒவ்வொன்றாக இறங்கின. கருநீலத் துணியில் பொன்னெழுத்து மின்னும் ஷிங்கெனின் கொடி, காற்றாய் விரையவும் காடாய் அமைதி காக்கவும் தீயாய்ப் பாயவும் மலையாய் நிற்கவும் சொல்கிறது. படை ‘ஏய் ஏய் ஓ’ என்று முழங்கியபோது அவரும் கையை உயர்த்தினார். சட்டைக்கை கீழே சரிந்தது. அந்த நொடியில் எங்களைப் படம் எடுத்துத் தந்தவர் ஒரு முகமறியாத பெரியவர்.

ஏப்ரல் 6

அந்தப் படத்தை அவரே அத்தைக்கு அனுப்பியிருக்கிறார். மணிக்கட்டில் என்ன கட்டு என்று அத்தை கேட்டிருக்கிறார். கூட்டத்தில் உரசிவிட்டது என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். மறைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவரும் இவர்தான், படத்தை அனுப்பியவரும் இவர்தான். கேட்டால், நொபுகதோவையா அனுப்புவது என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரவு முழுவதும் வாதிட்டோம்.

ஏப்ரல் 7

பதினோரு மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும். அவர் விடிந்ததிலிருந்து ரயில் அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்: ஷிங்கெனின் பகைவர் உவெசுகி கென்ஷினுக்கு யொனெஸாவாவில் விழா, மே 3 அன்று இருவரும் மோதிய கவானகஜிமா போரை நடித்துக் காட்டுவார்களாம். தொடர் விடுமுறை என்பதால் இன்றே முன்பதிவு செய்யாவிட்டால் இருக்கை கிடைக்காது என்கிறார்.