ஊசியில்லாத ஆறு மாதம்

"அண்ணே, பாதம் ரெண்டும் மதமதங்குது" என்று, இட்லியை முடித்து மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டே, எங்கள் வளவில் குடியிருக்கும் தம்பி இன்று காலை சொன்னார்.

அவருக்குப் பன்மருந்து எதிர்ப்புக் காசநோய்; ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் என்ற வழக்கமான மருந்துகள் இரண்டுக்குமே கட்டுப்படாத கிருமி.

மதமதப்புக்குக் காரணம் பெரும்பாலும் அவர் சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்றான லினசோலிட்தான். அது நரம்புகளையும் இரத்த அணுக்களையும் பாதிக்கக்கூடியது என்பதால், தாமாக மருந்தை நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுமாறு, கையோடு காரைக்குடிக்கு அனுப்பிவைத்தேன்.

பெடாகுயிலின், பிரிட்டோமனிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் என்ற நான்கும் சேர்ந்த, அவர் எடுத்துவரும் இந்த ஆறு மாதச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. இந்திய அரசு 2024இல் ஒப்புதல் அளித்தது.

முன்பெல்லாம் 20 மாதங்கள் வரை நீளும். பலருக்குக் கானமைசின் ஊசியும் உண்டு. நோய் போனது, சிலருக்குக் காதும் போனது.

அவ்வாறு சிகிச்சையில் செவித்திறனை இழந்த நந்திதா வெங்கடேசனும், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேயும், பெடாகுயிலின் மீதான உரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் கோரிய காப்புரிமையை எதிர்த்தார்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அவ்விண்ணப்பத்தை நிராகரித்தது. மருந்தின் வரலாற்றில் விஞ்ஞானிகளுக்கு இணையாக இவ்விருவரையும் வைப்பேன்.

பக்கத்து வீட்டு ஆச்சி, அந்தத் தம்பிக்குத் தட்டும் தம்ளரும் தனியாக வைக்க வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டியதில்லை ஆச்சி, இது காற்றில் பரவுவது. வளவின் கதவு சன்னல்களைத் திறந்து வையுங்கள் என்றேன்.