ஸ்பிரிங் மாற்ற ஒரு பகல், அலைன்மென்ட் சரியாக ஐந்து மாதம்

கழற்றிய முன்டயரைத் திருப்பி அதன் உட்பக்க விளிம்பில் விரலை ஓட்டினேன். பள்ளமே இல்லாமல் வழவழவென்று இருந்தது. வெளிப்பக்கத்திலோ பாதிக்கு மேல் பள்ளம் மிச்சமிருந்தது. புதிதாகப் போட்டு 6,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்த டயர் அது. காரைத் தாழ்த்த நினைப்பவர்கள் இந்தச் செலவுக்கு ஆளாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என்னுடையது 2014ஆம் ஆண்டு ஸ்விஃப்ட். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத்தடத்தில் ஓட்டிப் பார்த்த நாளிலிருந்தே, வளைவுகளில் உடல் சாய்வதைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. 35 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங்குகளை வாங்கினேன். கோவையில் ஒரு பட்டறையில் ஒரே பகலில் நான்கையும் மாற்றிவிட்டார்கள். அன்று மாலையே ஒரு டயர் கடையில் சக்கரங்களின் கோணங்களைச் சரிபார்க்கும் வீல் அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று. திரையில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) பச்சையில் இருந்ததால் நிம்மதியாக வீடு திரும்பினேன்.

ஒரு மாதத்தில் வண்டி வலப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. நம் சாலைகள் இடது ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால், ஸ்டீயரிங்கைத் தளர்த்தினால் வண்டி இடப்பக்கம் நகர்வதுதான் இயல்பு. அந்தச் சரிவையும் மீறி வலப்பக்கம் இழுத்தால் கோளாறு சிறியதல்ல. அதே டயர் கடைக்குப் போனேன். முன்டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு, "இப்ப சரியாயிடும் சார்" என்று அனுப்பிவிட்டார்கள். சரியாகவில்லை. மீண்டும் போய்க் கேம்பர் அளவை, அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணத்தைக் கேட்டபோது, "இந்த வண்டிக்குக் கேம்பர் அட்ஜஸ்ட்மென்ட்டே கிடையாது சார்" என்றார் அங்கிருந்தவர். முதல் நாள் எடுத்த அளவுத்தாளைக் கேட்டேன். பிரின்டரில் தாள் தீர்ந்திருந்ததால் எடுக்கவில்லையாம். அரை நாள் விடுப்பு வீணானதுதான் மிச்சம். சரி செய்வதற்கு முன் எடுத்த அளவு, பின் எடுத்த அளவு இரண்டையும் தாளில் வாங்காமல் எந்தக் கடையிலும் பணம் கொடுக்காதீர்கள்.

ஐந்தாம் மாதத்தில், பந்தய வண்டிகளுக்கு வேலை பார்த்துப் பழகிய ஒரு முதிய மெக்கானிக்கிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் இயந்திரத்தில் ஏற்றும் முன் வண்டிக்கு அடியில் படுத்து, சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் உள்முனைக்கு விளக்கைக் காட்டினார். அங்கிருந்த புஷ்ஷில், அதாவது ஆர்ம் அசையும் மூட்டிலுள்ள ரப்பர் உறையில், பிறை வடிவில் ஒரு கிழிசல். "புஷ் போல்ட்டை வண்டி தொங்கிட்டிருக்கறப்பவே முறுக்கிட்டாங்களாங்க?" என்று கேட்டார். அப்படித்தான் செய்திருந்தார்கள், நான் அருகில்தான் நின்றிருந்தேன். லிஃப்டில் சக்கரங்கள் தொங்கும் நிலையில் அந்த போல்ட்டை இறுக்கினால், ரப்பர் அந்தக் கோணத்திலேயே பிடிபட்டுவிடும். வண்டி தரையில் இறங்கிய நொடியிலிருந்து அது முறுக்கிக்கொண்டே இருந்து, நாளடைவில் கிழியும். ஆர்ம் போல்ட்டுகளையும் பின் அச்சின் புஷ் போல்ட்டுகளையும் முதலில் தளர்வாக விட்டு, வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் பட்டறையில் நின்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிறகு அளவெடுத்தார். இடப்பக்கக் கேம்பர் மைனஸ் 1 பாகை 45 நிமிடம், வலப்பக்கம் மைனஸ் 50 நிமிடம் (ஒரு பாகைக்கு 60 நிமிடம்). தாழ்த்தும்போது லோயர் ஆர்மின் கோணம் மாறிச் சக்கரத்தின் மேல்முனை உள்நோக்கிச் சாய்வது இயற்கை. ஆனால் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் சாய வேண்டும்; இல்லையென்றால் உள்நோக்கிக் குறைவாகச் சாய்ந்த பக்கம் வண்டி இழுக்கும். ஸ்ட்ரட்டையும் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) நக்கிளையும் (சக்கரம் பொருந்தும் இரும்புப் பகுதி) இணைக்கும் இரண்டு போல்ட்டுகளின் துளைகளில் சிறிது இடைவெளி உண்டு. கழற்றுவதற்கு முன் அடையாளக் கோடு போடாததால், திரும்ப மாட்டும்போது ஆளுக்கொரு பக்கமாக நகர்ந்துவிட்டது. டோவும் வெளிநோக்கி விரிந்திருந்தது. புதிய ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகே படிந்து நிற்கும். உயரம் மாறினால் டை ராடும் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) லோயர் ஆர்மும் வெவ்வேறு வட்டத்தில் நகர்வதால் டோவும் கூடவே மாறும். மாட்டிய அன்றே பார்த்த அலைன்மென்ட் ஏன் நிலைக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. டயரைத் தின்றதில் பெரும்பங்கு கேம்பருக்கல்ல, டோவுக்கே.

தீர்வு விலை குறைந்ததுதான். ஸ்ட்ரட்டின் மேல் போல்ட்டுக்குப் பதிலாக, நடுப்பகுதி மெலிந்த, திருப்பினால் சக்கரத்தின் சாய்வு நகரும்படி மையம் விலகிய தலை கொண்ட கேம்பர் போல்ட்டைப் போட்டார். "கிடையாது" என்று சொல்லப்பட்ட கேம்பர் அரை மணி நேரத்தில் இரு பக்கமும் மைனஸ் 1 பாகைக்கு வந்தது. மெலிந்த போல்ட் என்பதால் முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இறுக்க விடாதீர்கள். கேம்பரை நகர்த்தினால் டோ கலையும். ஆகவே டோ எப்போதும் கடைசியில்தான். புஷ்களும் இரண்டு டயர்களும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது.

ஸ்ட்ரட் முழுவதும் அமுங்காமல் தடுக்கும் கட்டையான பம்ப் ஸ்டாப்பைப் பற்றியும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. 35 மில்லிமீட்டர் தாழ்ந்தபின் பழைய நீளத்தில் அது இருந்தால், சிறு குழியிலேயே ஸ்ட்ரட் அதன்மேல் போய் மோதும்; என் ஷாக் அப்சார்பர் ஒன்றில் எண்ணெய் கசியத் தொடங்கியதற்கு அதுவே காரணம் என்றார் மெக்கானிக். தாழ்ந்த உயரத்துக்கென்று வரும் குட்டையான ஷாக் அப்சார்பர்களை ஸ்பிரிங்குடனேயே வாங்கியிருந்தால் இரட்டைக் கூலி மிச்சமாகியிருக்கும்.

தரை இடைவெளி 170 மில்லிமீட்டரிலிருந்து 135 ஆகிவிட்டது. சாலைத் தரங்களை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொன்னபடி 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட வேகத்தடையை நான்கு பேருடன் மெதுவாகக் கடந்துவிடுகிறேன். தெருக்காரர்கள் தாங்களே போட்ட மேடுகளில் அடிப்பகுதி உரசுகிறது. பதிவுச் சான்றிதழ் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை வலியுறுத்தியது. ஸ்பிரிங் அந்தச் சான்றிதழில் இல்லையென்றாலும் கேள்வி எழ இடமுண்டு என்பதால், பழைய நான்கையும் எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறேன்.

சென்ற வாரம் நீலாம்பூர் புறவழிச்சாலையில் 80 வேகத்தில் ஸ்டீயரிங்கை லேசாகத் தளர்த்திப் பார்த்தேன். சாலைச் சரிவுக்கேற்ப வண்டி மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது.