களி உருண்டையின் அளவு

தர்மபுரி மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் பொது மருத்துவப் பிரிவில் பணிபுரிகிறேன். மாவட்ட உறைவிடப் பயிற்சிக்காக மூன்று மாதம் எங்களிடம் வந்து தங்கும் முதுநிலை மாணவர்கள், நோயறிவதிலும் மருந்தெழுதுவதிலும் பெரும்பாலும் தேர்ந்தவர்களாகவே வருகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க விரும்புவது, நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதைத்தான்.

சில வாரங்களுக்கு முன் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு மூதாட்டி ஓபிக்கு (வெளிநோயாளர் பிரிவுக்கு) வந்திருந்தார். தொடர்ந்து மூன்றாவது முறையாகச் சர்க்கரை ஏறியிருந்தது. "சோத்தைக் குறைச்சீங்களா, ஆயா?" என்று மாணவர் கேட்டார். "குறைச்சுட்டேன் கண்ணு" என்று பதில் வந்ததும், மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். அருகில் அமர்ந்திருந்த நான், சோற்றுக்குப் பதிலாக என்ன சாப்பிடுகிறார் என்று கேட்கச் சொன்னேன். "களிதான். சர்க்கரைக்குக் களி நல்லதுன்னு இங்கதானே சொன்னாங்க" என்றார் ஆயா. எவ்வளவு என்று கேட்டபோது, இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து, விரல்கள் ஒன்றையொன்று தொடாத அளவுக்கு விரித்துக் காட்டினார். காலையில் அப்படி ஓர் உருண்டை, இரவில் ஒன்று.

கேழ்வரகிலும் மாவுச்சத்துதான் மிகுதி. அளவு மீறினால் களியும் சர்க்கரையை ஏற்றும். களி சாப்பிடலாம் என்று சொன்ன நாங்கள், எவ்வளவு என்று சொல்லாமல் விட்டிருந்தோம். மாணவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பாதி உருண்டை போதும், கூடவே கீரையும் பயறும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விளக்கினார். பிறகு, நான் பழக்கியிருந்தபடி, "வீட்டுக்குப் போனதும் மருமககிட்ட என்ன சொல்லுவீங்க, ஆயா?" என்று கேட்டார். 'புரிந்ததா?' என்று கேட்டால் நம் ஊரில் எல்லோரும் மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார்கள். திருப்பிச் சொல்லக் கேட்டால்தான் எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்பது தெரியும். ஆயா சரியாகச் சொன்னார். அன்று மாத்திரையைக் கூட்டவில்லை.

ஓபியில் இருநூறு பேர் காத்திருக்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது என்று மாணவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அவர்களிடம் நான் இரண்டு ஆய்வுகளைப் பற்றிச் சொல்வேன். 1984-இல் அமெரிக்காவில் பெக்மனும் ஃபிராங்கெலும் 74 சந்திப்புகளை ஆராய்ந்தபோது, நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தது தெரியவந்தது. 2002-இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வொன்றில், குறுக்கிடாமல் விட்டால் நோயாளிகள் சராசரியாக 92 நொடிகளே பேசினார்கள். ஐந்தில் நான்கு பேர் இரண்டு நிமிடத்துக்குள் தாமாகவே முடித்துவிட்டார்கள். அந்த ஒன்றரை நிமிடத்தைக் கொடுக்காததால்தான், ஆயாவுக்கு முந்தைய இரண்டு முறையும் மருந்தை மட்டும் கூட்டி அனுப்பியிருந்தோம்.

இளநிலைப் படிப்பில் 2019 முதல் நெறிமுறையும் தொடர்புத்திறனும் பாடத்திட்டத்திலேயே இடம்பெற்றுள்ளன. அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் தையல் போடுவதை வகுப்பில் மட்டும் கற்க முடியாதது போலவே இதையும் கற்க முடியாது. ஒருவர் செய்ய, மற்றவர் உடனிருந்து பார்த்து, அன்றே திருத்த வேண்டும். இந்தப் பகுதியில் அது இன்னும் அவசியம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள் ஏராளம். அவர்களிடம் வேகமான சென்னைத் தமிழில் பேசினால் பாதிதான் போய்ச் சேரும்.

துயரச் செய்தியைச் சொல்லும் பயிற்சிக்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்குகிறேன். அதற்குக் காரணம் என் சொந்தத் தவறு. நான் முதுநிலை மாணவனாக இருந்தபோது, ஓர் இரவு டியூட்டியில், வராந்தாவில் நின்றபடியே ஒரு மகனிடம், "ரொம்ப சீரியஸா இருந்தார், எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம்" என்றேன். அவர் கைகூப்பி, "ரொம்ப நன்றி சார், அப்பாவை எப்ப வார்டுக்கு மாத்துவீங்க?" என்று கேட்டார். அவருடைய தந்தை இறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. இறந்துவிட்டார் என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை.

2000-ஆம் ஆண்டு பெய்லும் பக்மனும் சக மருத்துவர்களுடன் வெளியிட்ட ஆறு படிநிலை முறை இதற்கு நல்ல வழிகாட்டி: தனியிடத்தில் அமர்வது, அவர்களுக்கு என்ன தெரியும் என்று முதலில் கேட்பது, எவ்வளவு அறிய விரும்புகிறார்கள் என்று தெரிந்துகொள்வது, எளிய சொற்களில் சொல்வது, உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது, அடுத்து என்ன என்று பேசுவது. நம் ஊரில் நோயாளி தனியாக வருவது அரிது. தாய்மாமனோ பெரியப்பாவோ முன்னால் வந்து, "அவங்ககிட்டச் சொல்லாதீங்க" என்பார். அவரை ஒதுக்காமல், நோயாளியின் விருப்பத்தையும் விட்டுவிடாமல் பேசுவதற்கு மாணவர்கள் மூன்று நான்கு முறையாவது நடித்துப் பழக வேண்டியிருக்கிறது. பெரியப்பாவாக நான் உட்காருவேன்.

போன வாரம் அதிகாலையில் அதே மாணவர் நாற்காலிகளைத் தாமே இழுத்துப் போட்டு, ஒரு குடும்பத்தை உட்காரவைத்து, "அம்மா இறந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு, அவர்கள் அழுது முடியும் வரை பேசாமல் உடன் இருந்தார். நான் கதவருகே நின்றிருந்தேன். எத்தனை முறை லம்பார் பங்சர் (முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுப்பது) செய்தார், எத்தனை முறை சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தநாளத்தில் குழாய் செலுத்துவது) போட்டார் என்பதற்கெல்லாம் அவருடைய பயிற்சிப் பதிவேடான லாக் புக்கில் பத்திகள் உண்டு. இதற்கென்று ஒன்றும் இல்லை. கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, 'இறப்புச் செய்தி தெரிவித்தல், உடனிருந்து பார்த்தேன்' என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.