சேலம் வரை போய் வந்த ஆமை

எங்கள் வீட்டைப் பெருக்கும் ரோபோ சார்ஜ் ஏறாமல் நின்றுபோன கதை இது. முதலில் செலவுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்: பதினோரு நாள், சேலத்துக்கு ஒரு பயணம், பரிசோதனைக் கட்டணம் 354 ரூபாய். பழுதைச் சரிசெய்தது அரை எலுமிச்சம்பழமும் பள்ளிக்கூடத்து அழிரப்பரும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் வாங்கிய ரோபோ வாக்குவம் கிளீனர் அது. பெருக்கும், துடைக்கும், தானே போய்ச் சார்ஜ் ஏற்றும் மேடையான டாக்கில் உட்கார்ந்துகொள்ளும். அப்பா அதற்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தார். ஒரு நாள் காலையில் பார்த்தால் டாக்கில்தான் நிற்கிறது, ஆனால் உயிர் இல்லை. கையால் தூக்கிச் சரியாக வைத்தேன். ஒரு நொடி விளக்கு மின்னி அணைந்தது, அவ்வளவுதான்.

உதவி எண்ணுக்கு அழைத்தேன். எதிர்முனையில் இருந்தவர் என் பேச்சைக் கேட்பதற்கு முன்பே, எல்லாவற்றையும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகச் சொன்னார். மீதமிருந்த கொஞ்சநஞ்ச சார்ஜில் அதைச் செய்தேன். சார்ஜ் ஏறவில்லை; ஆனால் அது ஒரு வாரம் சுற்றிச் சுற்றிக் கற்றுவைத்திருந்த வீட்டு வரைபடம் போய்விட்டது. சார்ஜ் ஏறாத பழுதுக்கு யாராவது இதைச் சொன்னால், கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அடாப்டரை மட்டும் எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் நான்கு ரோடு பக்கம் ஒரு மின்சாதனக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். அடாப்டர் மேல் 19 வோல்ட் என்று எழுதியிருக்கிறது, மீட்டரும் அதையே காட்டியது. “அடாப்டர் நன்றாக இருக்கிறது தம்பி, பேட்டரி போயிருக்கும்” என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. டாக்கிலிருந்து மின்சாரம் வாங்க இயந்திரத்தின் அடியில் இருக்கும் இரண்டு தகடுகளை ஏற்கெனவே மூன்று முறை துடைத்திருந்தேனே!

சனிக்கிழமை ஆமையைப் போர்வையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு சேலம் பஸ் ஏறினேன். தொப்பூர் கணவாயில் ஏதோ ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் நகரவில்லை. மடியில் ஆமை, பக்கத்து இருக்கைக்காரருக்கு உள்ளே என்ன என்று தெரிந்தாக வேண்டும். சொன்னேன். “வீடு பெருக்க இதுவா?” என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சர்வீஸ் சென்டரில் டோக்கன் போட்டுக் காத்திருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் ஆமையை வாங்கி அவர்களுடைய டாக்கில் வைத்தார். உடனே விளக்கு எரிந்தது. அரை மணி நேரம் கழித்துச் சீட்டில் “பழுது இல்லை” என்று எழுதி, கட்டணம் 300, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று நீட்டினார். “உங்கள் டாக்கைக் கொண்டுவரவில்லையா சார்?” என்று அப்போதுதான் கேட்டார். இதைத் தொலைபேசியிலேயே ஒருவர் கேட்டிருந்தால் தொப்பூர் எனக்கு மிச்சம். அடாப்டர் கடைக்குப் போனது, ஆமை சேலம் போனது, டாக் மட்டும் சுவரோரத்தை விட்டு அசையவே இல்லை.

வீட்டுக்கு வந்து, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, டாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து டார்ச் அடித்துப் பார்த்தேன். டாக்கில் இருக்கும் இரண்டு தகடுகளில் ஒன்று மற்றதைவிடத் தாழ்ந்திருந்தது. அடியில் ஸ்பிரிங் இருக்கிறது. விரலால் அழுத்தினால் எழும்பவில்லை. ஓரமெல்லாம் வெள்ளையாக ஒரு பொருக்கு. தூசி என்று நினைத்து நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. போர் தண்ணீர் காயும் பாத்திரத்தின் அடியில் படிகிற அதே உப்பு. துடைப்பதற்கான தொட்டியில் நான் ஊற்றியது போர் தண்ணீர். துடைத்து முடித்து ஈரத்துணியோடு டாக்கில் போய் நிற்கும், சொட்டும், காயும், படியும். அந்தப் படிவு மின்சாரத்தைக் கடத்தாது, ஸ்பிரிங்கையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியால் துடைத்தேன், பொரிந்து கரைந்தது. நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை. பிறகு தகடு பளிச்சென்று ஆகும்வரை அழிரப்பரால் தேய்த்தேன். உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள். மேல்பூச்சு போய்விட்டால் துருப் பிடிக்கும். ஒரு இரவு முழுக்கக் காயவிட்ட பிறகே இணைப்புக் கொடுத்தேன். இன்னொன்று: சில டாக்குகள் இயந்திரம் வந்து அமர்ந்த பிறகுதான் முழு மின்னழுத்தத்தையும் விடும். வெறும் தகட்டில் மீட்டர் வைத்துக் குறைவாகக் காட்டினால் உடனே புது டாக்குக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

காலையில் வைத்தேன். விளக்கு எரிந்தது, எரிந்தபடியே இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இப்போது தொட்டியில் ஒகேனக்கல் தண்ணீர்தான். குடிக்கிற தண்ணீரைத் தரைக்கு ஊற்றுவதா என்று அம்மாவுக்கு ஆறவில்லை. குடத்துப் பக்கம் நான் போனாலே எழுந்து வந்துவிடுகிறார். ஒரு டம்ளர், அதுவும் அவரே அளந்துதான் ஊற்றுகிறார்.